மறுமுனை பிடிக்க ஓர் ஆள்

தவிட்டுவிளைக்குக் குளம் வெட்ட வந்த செயின் வண்டி, அதாவது புல்டோசர், குளத்தையும் வெட்டாமல், வந்த வழியே திரும்பியும் போகாமல் ஊர் நடுவில் நின்றுபோனது. பீடி வாங்கிவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போன டிரைவர் வரவேயில்லை. வருவார் வருவார் என்று பார்த்து அலுத்துப்போன ஊர், கடைசியில் வண்டியைச் சுற்றியே வீடு கட்டிக்கொண்டது. அதன் நிழலை நம்பி ஒரு டீக்கடை வந்தது, டீக்கடையை நம்பி மினிபஸ் வந்தது, மினிபஸ் திரும்புவதற்காகத் தார் ரோடு அங்கேயே முடிந்தது. மண் தள்ளும் முன்தகட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாவு, சடங்கு, தண்ணீர் வரும் நேரம் எல்லாவற்றையும் அதில்தான் கரியால் எழுதிப்போட்டார்கள். செயின் கட்டைகளின் மேல் கருவாடு காய்ந்தது. எஞ்சின் எப்போதோ களவு போய்விட்டதால் காலியாகக் கிடந்த வயிற்றுக்குள் பேச்சித்தாயின் கோழிகள் அடைகாத்தன.

இந்த வண்டியைத்தான் பழைய இரும்பு மாசிலாமணி விலைபேச வந்தார். தூத்துக்குடி துறைமுக ரோட்டில் சாக்குப்பையோடு ஆணி பொறுக்கி ஆரம்பித்தவர்; மூக்குக்கு மேலே கோபம்; பள்ளிக்கூடத்தில் படித்தது குறைவு, அடிபட்டுப் படித்தது அதிகம். அவர் பேரத்தில் ஒரே ஒரு வித்தைதான். "எனக்கு வேண்டாம்வே" என்று சொல்லி வேட்டியை மடித்துக் கட்டி நடந்துவிடுவார். தெருமுனை தாண்டுவதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். கப்பல் நங்கூரத்திலிருந்து கல்யாண மண்டபத்து அண்டா வரைக்கும் அப்படித்தான் வாங்கினார்.

ஒரே ஓர் இடத்தில்தான் அது பலிக்கவில்லை. தங்கை பூங்கனியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் சீர் கூடுதலாகக் கேட்க, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அவர் பந்தலை விட்டு நடந்தார். கூப்பிடுவார்கள் என்று மெதுவாகத்தான் நடந்தார். பின்னாலிருந்து கெட்டிமேளம் கேட்டது. அதன்பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து இப்போதுதான் ஒரு பெண்பிள்ளை அவளுக்கு, அதற்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து, அவளே போன் செய்து சொன்னாள்: "ஒன் மடியில வச்சுத்தான் குத்தணும். நீ வரலன்னா குத்தப்போறதில்ல. மூளிக் காதோட வளரட்டும்." தாய்மாமன் மடிக்கு மாற்று மடி கிடையாது என்பது அவள் கணக்கு. மாசிலாமணி அன்றே துணிக்கடைக்குப் போய், விலையே கேட்காமல் ஒரு பட்டுப்பாவாடை எடுத்துவந்து டெம்போவின் டேஷ்போர்டுக்குள் வைத்தார்.

தவிட்டுவிளை வேலையை அதற்குள் முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். செயினைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம் ஒன்றை ஒரு கல்குவாரிக்காரர் முழுசாகக் கேட்டிருந்தார். அதைக் கழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டால் மிச்சத்தை அப்புறம் வந்து வெட்டிக்கொள்ளலாம். பஞ்சாயத்துத் தலைவர் தர்மராசு விலை சொன்னார். மாசிலாமணி நடந்தார். கூப்பிட்டார்கள். அப்போதுதான், வண்டியை ஒட்டினாற்போலக் குடியிருக்கும் பேச்சித்தாய், புருசன் மும்பையில் இட்லிக்கடை வைத்திருக்க வீட்டையும் கோழியையும் வாயையும் வைத்துப் பிழைப்பவள், குறுக்கே வந்தாள். உள்ளே கோழி அடையில் இருக்கிறது, அது குஞ்சு பொரித்து இறங்குகிற வரைக்கும் வண்டி வயிற்றுக்குள் ஆள் போகக்கூடாது, பக்கத்தில் தீயும் காட்டக்கூடாது என்றாள். அதைக் காட்டியே விலையை இன்னும் கொஞ்சம் குறைத்த மாசிலாமணி, செத்துப்போன அம்மாமேல் சத்தியமாக உள்ளே போகமாட்டேன் என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டார்.

அவரோடு வந்த மெக்கானிக் சிக்கந்தர் அதைக் கேட்டு முகம் சுளித்தான். அந்தச் சக்கரத்தைப் பிடித்திருப்பது பனங்காய் பருமனில் ஒற்றை நட்டு. அது மாட்டியிருக்கும் அச்சின் மறுமுனை வண்டி வயிற்றுக்குள் இருக்கிறது. வெளியே ஒருவன் இழுக்க, உள்ளே ஒருவன் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். அதுதான் தொழில்.

"பிடிக்க ஆளில்லாம இழுத்தா எல்லாஞ் சேர்ந்து சுத்தும் மொதலாளி."

"இத்தன வருசத் துருவு வே. அதுவே பிடிச்சுக்கிடும்."

நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார்கள். தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள். சம்மட்டியால் ஆறு முகத்திலும் மாறிமாறி அடித்தார்கள். ஊர்க் காக்கையெல்லாம் பறந்துபோனது, நட்டு இருந்த இடத்தில் இருந்தது. ஸ்பேனர் பிடியில் இரும்புப் பைப்பைச் சொருகி நீளமாக்கி, அதில் இரண்டுபேரும் தொங்கினார்கள். மாசிலாமணி நட்டைத் திட்டினார், நட்டைப் பெற்றவளைத் திட்டினார், அதை அன்றைக்கு முறுக்கியவனின் கை அழுகிப்போக என்று திட்டினார், திட்டிக்கொண்டே அவர் பைப்பின் நுனியில் நெஞ்சைக் கொடுத்து அமுக்க, பைப்பு மெதுவாக, நெய்யில் இறங்குகிற மாதிரி, கீழே இறங்கியது.

"நட்டு விட்டுட்டு மொதலாளி" என்றான் சிக்கந்தர்.

ஆனால் நட்டின் மேலும் சக்கரத்தின் மேலும் சேர்த்துப் போட்டிருந்த சாக்பீஸ் கோடு கோணாமல் அப்படியே இருந்தது. டீக்கடையின் நிழல்தான் மறுபக்கம் விழுந்துகிடந்தது. நட்டு சுற்றவில்லை. வண்டியை நடுவில் வைத்துத் தவிட்டுவிளை கால்வட்டம் சுற்றியிருந்தது.

யாரும் அலறவில்லை. டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி நிழல் இருந்த பக்கம் போட்டார். தெற்குப் பார்த்து நின்ற சுடலைமாடன் இப்போது மேற்குப் பார்த்து நிற்பதைக் கண்ட பூசாரி, சாமிக்கும் எத்தனை நாள்தான் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்று சொல்லி சூடத்தட்டைத் திருப்பிக் காட்டினார். வாசல் வடக்கே பார்த்து, எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரில் பாசி பிடித்துக் கிடந்த பேச்சித்தாயின் வீடு கிழக்குப் பார்த்த வீடாகிவிட்டது. மறுநாள் காலையில் வெயில் நடுவீடுவரை வந்து அடுப்பங்கரையை எட்டிப்பார்த்தபோது, அவள் அந்த வெயிலில் ஒரு பாயை விரித்து அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

ரோடுதான் சிக்கல். மேற்கே போய் நெடுஞ்சாலையில் சேரும் தார் ரோடு இப்போது வடக்கே போய் முள் மண்டிய உடங்காட்டில் முட்டி, அப்பளத்தை உடைத்த மாதிரி முடிந்தது. மினிபஸ்ஸின் ஹாரன் எங்கேயோ கேட்டது, பஸ் கண்ணில் படவில்லை. முள்ளைத் தாண்டி நடந்தே போய்விடலாம் என்று லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வடக்கே போன சிக்கந்தர், வாயில் வைத்த பீடி தீர்வதற்குள் தெற்கே வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து வந்தான்.

"சுடுகாட்டுப் பக்கமும் பாத்துட்டேன் மொதலாளி. எங்கிட்டுப் போனாலும் இங்கிட்டுதான் வருது."

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. அரிசி இருக்கிறது, கருவாடு இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கடன்காரன் வரமாட்டான், ஜாமீன் கையெழுத்துக் கேட்டுச் சொந்தக்காரன் வரமாட்டான். கொஞ்சநாள் இப்படித்தான் இருக்கட்டுமே என்றார்கள். மாசிலாமணிக்குத்தான் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. பைப்பை எதிர்ப்பக்கம் இழுத்து ஊரைப் பழையபடி திருப்பிவைத்துவிட்டு நான் கிளம்புகிறேன் என்று அவர் ஸ்பேனரை எடுத்தபோது, பேச்சித்தாய் வந்து பைப்பின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அவள் உட்கார்ந்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். எல்லார்க்கும் ஒரு திசை தேவைப்பட்டது. தர்மராசுக்கு மாட்டுத்தொழுவ நாற்றம் தன் மாடிக்கு வராத திசை வேண்டும். டீக்கடைக்காரருக்குச் சாயந்திரம்வரை நிழல் வேண்டும். பூசாரிக்குச் சுடலை கிழக்கே பார்க்க வேண்டும். ஒருவருக்குத் தம்பி வீட்டு முற்றத்துக்கு வெயில் போகாமல் இருந்தால் போதும், தனக்கு எதுவும் வேண்டாம். ஊர் முழுக்கச் சம்மதிக்காமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்று தர்மராசு முன்தகட்டில் எழுதிப்போட்டார்.

பேரம் என்று வந்துவிட்டால் மாசிலாமணிக்குத் தெரியாததா. எல்லாரையும் ஒரு பார்வை பார்த்து, "அப்ப எனக்கு ஒண்ணும் வேண்டாம்வே" என்றார், வேட்டியை மடித்துக் கட்டினார், நடந்தார். டீக்கடை தாண்டினார், கிணறு தாண்டினார், யாரும் கூப்பிடவில்லை, உடங்காட்டுக்குள் நுழைந்தார், இன்னும் கூப்பிடவில்லை, ரோசத்தோடு முள்ளில் கால்வைத்து ஓங்கி நடந்தார், வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து வந்தார். எல்லாரும் முகத்தை அவர் வரும் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். டீ இன்னும் ஆறவில்லை.

"வாரும் அண்ணாச்சி" என்றாள் பேச்சித்தாய். "சவுக்கியமா? ஊருல எல்லாரும் நல்லா இருக்காவளா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. வாழ்நாள் முழுக்க நடந்துபோயே பிழைத்த மனுசனுக்கு நடந்துபோக இடமில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

அதன்பின் ஒவ்வொருவராகத் தனியே பிடித்தார்; தன் பக்கம் திரும்புகிறதென்றால் முன்தகட்டில் எழுதியதை யாரும் நினைக்கவில்லை. டீக்கடைக்காரருக்காக ஒரு சாண் இழுத்தார். அவர் சம்மதம் கிடைத்தது, அதில் தர்மராசு வீட்டுக்குச் சாண நாற்றம் போனது. தர்மராசுக்காக ஒரு முழம் எதிர்ப்பக்கம் தள்ளினார். அதில் சுடலை கக்கூஸைப் பார்த்து நின்றார். சுடலைக்காகக் கொஞ்சம் இழுத்தார். டீக்கடை வெயிலுக்கு வந்தது. ஊர் தோசைக்கல்லில் மாவு மாதிரி இப்படியும் அப்படியும் சுழன்றது. ஸ்பேனர் மாட்டும் சத்தம் கேட்டால் பெண்கள் குடத்தைப் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள். வேட்டி காயப்போட்டவர்கள் வெயிலைத் தேடி கொடியோடு நடந்தார்கள். கீழத்தெரு என்று சொன்னால் எப்போதைய கீழத்தெரு என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் வாங்கிய ஒவ்வொரு சம்மதமும் அதற்கு முந்தின சம்மதத்தைத் தின்றது. கடைசியில் யார் சம்மதமும் கையில் இல்லாமல், எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தவராக மட்டும் அவர் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். போனில் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் பூங்கனி கூப்பிட்டாள்.

"எங்கன இருக்கே?"

"வேலையில."

"நாளைக்கு வாரியா, இல்ல இப்பவும் நடந்துட்டியா?"

"நடக்க வழியில்லம்மா. வழியிருந்தா இன்னேரம் ஒன் வாசல்ல நிப்பேன்."

"இதுலயுமாண்ணே பேரம்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மாசிலாமணி சம்மட்டியோடு கீழே குதித்தார். கழுத்து நரம்பு விரல்தண்டி புடைத்திருந்தது. சுற்றியிருந்தவர்கள் தானாக விலகினார்கள். வண்டியின் பின்பக்கம் போய், வயிற்றுக்குள் போகும் ஓட்டைக்கு முன்னால் குத்தவைத்து, ஒரு கையை உள்ளே விட்டார். கையை நீட்டினால் கோழி. கோழியை வீசிவிட்டால் மறுமுனை. சிக்கந்தரை உள்ளே தள்ளிப் பிடிக்கவைத்தால் இரண்டு இழுப்பில் வேலை முடிந்துவிடும்.

கோழி எழுந்திருக்கவில்லை. கொத்தவும் இல்லை. முட்டைகளை ஒவ்வொன்றாக அலகால் உருட்டித் திருப்பிவிட்டு, மறுபடி அவற்றின்மேல் உடம்பைப் பரப்பிக்கொண்டு, அவரையே பார்த்தது. அவர் கை பாதியில் நின்றது. அம்மாமேல் சத்தியம் என்று அவர் இதற்குமுன் எத்தனையோ சந்தையில் சொல்லியிருக்கிறார். அதை ஒரு சந்தையிலும் யாரும் நம்பியதில்லை, அவர் உட்பட. இந்தக் கோழி நம்பிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தது.

கையை வெளியே எடுத்தார். சம்மட்டியைத் தரையில் படுக்கவைத்தார். ஓட்டைக்கு வெளியே அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார். சாயந்திரம் பேச்சித்தாய் கூட்டை அடைக்க வந்தபோதும் அப்படியேதான் இருந்தார். அவள் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வண்டிக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்தது. அப்புறம் இன்னொரு கீச். கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, மாசிலாமணியின் முழங்காலைத் தாண்டி, இரை தேடப் போனது.

அவர் எழுந்து டீக்கடை முன்னால் போய் நின்றார். என்ன விலை சொல்லப்போகிறாரோ என்று எல்லாரும் பார்த்தார்கள்.

"எங்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல" என்றார். "சொன்னதயெல்லாம் குடுக்கவும் முடியாது. பொய்தான் சொன்னேன். எந்தங்கச்சி புள்ள மூளிக் காதோட உக்காந்திருக்கு. ரோடு ரோட்டோட சேரணும், அப்புறம் அந்த நட்டு விடணும், இல்லன்னா ஆளாளுக்கு இழுக்க இந்த ஊரு ஒரு எடத்துல நிக்காது. நான் உள்ள போய்ப் பிடிக்கேன். நீங்க வெளிய இழுங்க. கேக்கேன். அவ்வளவுதான்."

இதில் பேரம் எங்கே இருக்கிறது என்று தேடிப்பார்த்த ஊருக்கு ஒன்றும் அகப்படவில்லை. ரோடு சேர்ந்தால் யார் வீடு மறுபடி வடக்கே பார்க்கும் என்று எல்லார்க்கும் தெரியும். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். பேச்சித்தாய் நடுவீட்டுக்குள் விரித்திருந்த பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்கோழிய எழுப்பாம விட்டாருல்லா" என்றாள். "எந்திரிங்க. ஒக்காந்து என்ன பாக்கியோ?"

முதலில் ரோட்டுக்கு ரோடு சேரும்வரை ஊரைத் திருப்பினார்கள். மினிபஸ் அங்கேயே கிடந்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் பைப்பைக் கழற்றிவிட்டு ஒரு பனந்தடியைக் கயிறு போட்டு ஸ்பேனரோடு கட்டி, ஆணும் பெண்ணுமாக வரிசையாகப் பிடித்தார்கள். மாசிலாமணி தவழ்ந்து வயிற்றுக்குள் போனார். முட்டை ஓட்டின்மேல் உட்கார்ந்து, அச்சின் மறுமுனையில் இன்னொரு ஸ்பேனரை மாட்டி, இரண்டு கையாலும் பிடித்தார்.

வெளியே "ஏலேலோ" என்றார்கள். ஊர் அவர் மணிக்கட்டுக்குள் வந்தது. கிணறு வந்தது, கிணற்றுத் தண்ணீர் வந்தது, சுடலைமாடன் வந்தார், தொழுவம் மாடுகளோடு வந்தது, பாசி பிடித்த சுவர் வந்தது, அண்ணன் தம்பி சண்டையும் நடுச்சுவரும் வந்தது, எல்லாம் ஒரு பக்கமாக அவரைத் திருக, அவர் மறுபக்கமாக நின்றார், விலகினால் நல்லது என்று உடம்பு சொன்னது, கால் பழக்கத்தில் நடக்கப் பார்த்தது, உள்ளே நடக்க இடமில்லை, பல்லைக் கடித்தார், அப்போது கெட்டிமேளம் கொட்டினாற்போல ஒரு சத்தம். நட்டு விட்டது.

வெளியே குலவை போட்டார்கள். நட்டை உருட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே மாசிலாமணி கையைத் தளர்த்தினார். தளர்த்தினதும் வெளியே குடங்கள் சரிந்து உருண்டன, டீக்கடை பாய்லர் சாய்ந்தது, "பிடிம்வே, பிடிம்வே" என்று ஊரே கத்தியது. மறுபடி இறுக்கிப் பிடித்தார். ஊர் நின்றது. இன்னொரு தடவை பைய விட்டுப்பார்த்தார். தார் ரோடு நகரத் தொடங்கியது. பிடித்தார்.

அப்படியாக, மறுமுனைக்கு ஓர் ஆள் இல்லாமல் தவிட்டுவிளை இனி நிற்காது என்பது எல்லார்க்கும் விளங்கியது. ஒருவருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. ரோடு திறந்துகிடந்தது, டெம்போ ரோட்டைப் பார்த்து நின்றது, டேஷ்போர்டுக்குள் பட்டுப்பாவாடை இருந்தது, நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. மாசிலாமணி இருட்டுக்குள் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதுவும் சொல்லாமலேயே சிக்கந்தர் டெம்போவை எடுத்துக்கொண்டு போனான்.

வெயில் உச்சிக்கு ஏறி, நல்ல நேரமெல்லாம் முடிந்தபிறகு, டெம்போ திரும்பி வந்தது. பூங்கனி இறங்கினாள், இடுப்பில் பிள்ளை, பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, பின்னால் சின்னப் பெட்டியோடு ஆசாரி. சிக்கந்தர் வழியிலேயே எல்லாம் சொல்லியிருந்தான். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குனிந்து ஓட்டைக்குள் தவழ்ந்து வந்தாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். கிரீஸும் வேர்வையும்தான் தெரிந்தது.

"கைய எடுக்க முடியாதோ?"

"எடுத்தா ஊரு சுத்தும்."

"மடி சும்மாத்தான இருக்கு?"

பிள்ளையை அவர் மடியில் உட்காரவைத்தாள். ஆசாரி பாதி உடம்பை உள்ளே விட்டு, சிக்கந்தர் காட்டிய டார்ச் வெளிச்சத்தில் காதில் சந்தனம் தொட்டு இடம் பார்த்தார். மாசிலாமணியால் பிள்ளையைப் பிடிக்க முடியவில்லை. தாடையை அதன் தலைமேல் அழுத்திக்கொண்டார். ஊசி இறங்கியபோது பிள்ளை வண்டியே அதிர அழுதது. அழுதுகொண்டே, குத்தின ஆசாரியை விட்டுவிட்டு, மாமனின் காதைக் கெட்டியாகப் பிடித்துத் திருகியது. அவர் திருகின பக்கமெல்லாம் தலையைக் கொடுத்தார்.

வெளியே தர்மராசு முன்தகட்டைத் துடைத்து, இனி எந்தெந்த நாள் எந்தெந்த வீட்டார் பிடிக்கும் முறை என்று எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீர் முறையை எழுதுவது போலத்தான் எழுதினார். முதல் முறைக்கு ஆள் யார் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பேச்சித்தாய் கையில் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே தவழ்ந்துகொண்டிருந்தாள். வந்து, அவர் கைக்குப் பக்கத்தில் ஸ்பேனரின்மேல் தன் கையை வைத்து அழுத்திப் பிடித்தாள்.

மாசிலாமணி பழக்கதோசத்தில் கேட்டார்: "என்ன கேக்கே?"

"புள்ளயத் தூக்க ரெண்டு கை வேணும்லா" என்றாள். "விடும்."

அவர் விட்டார். விரல்கள் விடவில்லை. இழுத்துப்பார்த்தார், இரும்போடு இரும்பாக அப்படியே இறுகிக் கிடந்தன. பூங்கனி கிண்ணத்தை வாங்கி விரலிடுக்கில் எண்ணெய் ஊற்றினாள், ஊறும்வரை காத்திருந்தாள், புறங்கையைப் பைய தட்டினாள், சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். கடைசிக் கட்டைவிரல் வெகுநேரம் மக்கர் பண்ணியது. அதுவும் விட்டபோது வெளியே ஒரு குடம்கூட அசையவில்லை. பிள்ளை இன்னும் அவர் காதை விடவில்லை.